ஒரு மங்கு தண்ணீர்

சேகர்,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமா என்று கேட்டால் நீ பொய் சொல்வாய். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு ஏன் அனுப்பினேன் என்று நீ கத்துவாய். நன்றாகக் கத்து. போன் போட்டால் "சரிம்மா, பாத்துக்கலாம்லா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நேரில் வந்தால் மீன்கறியும் சோறும் தின்றுவிட்டு பேசுவதற்குள் குறட்டை விடுகிறாய். நீ பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் காலையில் ரொட்டி சானாய் தின்ன நீ லோரியை நிறுத்துகிறாயே, கோலா பிலா பாசாருக்குப் பக்கத்தில், அந்தக் கடைக்கார பாய் வாரம் தவறாமல் படிக்கிறவர். அதுவும் வாய்விட்டுச் சத்தமாகப் படிக்கிறவர். உன் கூட்டாளி லோரிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்டுவிட்டு உன்னை நாலு கேள்வி கேட்கட்டும். பெற்றவள் கேட்டால் காதில் ஏறாதது, கூட்டாளி கேட்டாலாவது ஏறுகிறதா பார்ப்போம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் கதை புரிய வேண்டும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கோலா பிலாவில் ஊசி குத்திப் படுக்கவைத்து, இரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்ப உடம்புக்குள் விடுகிறார்கள். இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லோரும் அதை 'சூச்சி டாரா' என்றுதான் சொல்கிறோம், சட்டை துவைக்கிறதைச் சொல்கிற மாதிரி. போன வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில், அத்தனை பேர் முன்னால், "எங்கம்மாவுக்கு நான் ஒரு கிட்னி தரப்போறேன்" என்று நீ சொன்னாய். பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, பெற்ற வயிறு குளிர்ந்தவள் என்றார்கள். அறுபத்தைந்தைத் தாண்டினவளுக்கு எதற்கடா என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனாய், இரத்தம் கொடுத்தாய், மூத்திரம் கொடுத்தாய், ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "சேரலையாம்மா" என்றாய். நானும் நம்பினேன். போகட்டும் விடு கண்ணு என்று உனக்கே ஆறுதல் சொன்னேன். என்னைப் போல ஏமாளி நெகிரி செம்பிலானில் உண்டா?

போன மாதம் உன் பெண்டாட்டி விஜயா, நான் ஊசியோடு கட்டிலில் கிடக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்திருந்தாள். எனக்கு ஆரஞ்சு ஆகாது என்பது அவளுக்கே தெரியும், பாவம், ஏதோ பதற்றத்தில் வாங்கி வந்துவிட்டாள். உரித்துக்கொண்டே அழுதாள். கிட்னி சேராமல் போகவில்லையாம். சேருவது சேராதது பார்க்கிற அளவுக்கே விஷயம் போகவில்லையாம். உன் மூத்திரத்தில் போகக் கூடாத சத்தெல்லாம் போகிறது, இரத்த அழுத்தம் கண்டபடிக்கு ஏறி நிற்கிறது, உன் கிட்னியே தேய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் உன்னை உட்காரவைத்துச் சொல்லி, மாத்திரையும் கொடுத்து, மறுபடி வரச்சொல்லித் தேதியும் கொடுத்திருக்கிறார். நீ அந்த மாத்திரையை லோரியில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கிறாய். மறுபடி போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துதான் விஜயாவுக்கே விஷயம் தெரிந்ததாம். அதோடு இடுப்பு வலிக்கிறது என்று மளிகைக்கடையில் கண்ட கண்ட வலி மாத்திரையை வாங்கி விழுங்குகிறாய். டாக்டர் கொடுத்தது பெட்டிக்குள், கடைக்காரன் கொடுத்தது வயிற்றுக்குள். உன்னைப் பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

விஜயாவைத் திட்டாதே. அவள் சொல்லாவிட்டால் நானே அவளைத் திட்டியிருப்பேன். நீ அவளிடம் சொன்னாயாம், "கிட்னி ஒண்ணும் எனக்கு வலிக்கலையே, வலிச்சாப் பாத்துக்கலாம்" என்று. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இது வலிக்கிற வியாதி இல்லை. பல் வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம், இது வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் உள்ளே தின்றுகொண்டிருக்கும். எனக்கும் வலிக்கவில்லை. உன் பெரியம்மா அஞ்சலைக்கும் முதலில் வலிக்கவில்லை. அவளை உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முதல்நாள் படையலில் நான் ஒரு புடவையும் ஒரு மங்குத் தண்ணீரும், அந்தப் பழைய எனாமல் குவளையில், தனியாக வைப்பேனே, அது அவளுக்கு. எல்லோரும் செம்பில் வைக்கிறார்கள், நீ ஏன்மா மங்கில் வைக்கிறாய் என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த அப்புறம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நான் கல்யாணம் ஆகி அந்த ரப்பர் தோட்டத்துக்குப் போனது டாருராட் காலம். அவசரகாலம் என்று பத்திரிகையில் எழுதுவார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, அதில் மத்தா-மத்தாக்களை, அதுதான் போலீஸ்காரர்களை, காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். அரிசியைப் பச்சையாகக் கையில் கொடுக்க மாட்டார்கள், பொதுக் கொட்டகையில் வடித்து, கெட்டுப்போகிற சோறாகத்தான் கொடுப்பார்கள். அதிலும் ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. விடியும்போது ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியுமாகக் கேட்டில் வரிசையில் நிற்போம். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பொம்பளையை வைத்திருந்தார்கள். கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள், முந்தானையை உதறிப் பார்ப்பாள், இடுப்புச் சுருக்குப் பையைப் பிதுக்கிப் பார்ப்பாள். மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகும். அதுவரை வெறும் வயிறு. அஞ்சலையும் நானும் ஒரே தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டோம். அவள் எனக்கு மூத்தவள், எனக்கு முன்னாலேயே வந்து மரம் சீவிக்கொண்டிருந்தவள்.

சாப்பாடு கூடாது என்றது சர்க்கார். ஆனால் தண்ணீர் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, சேகர். எனக்கு இன்றைக்கும் அடங்காத ஆத்திரம் அதில்தான். போத்தலில் தண்ணீர் கொண்டு போகலாம். ஆனால் போத்தல் இருந்தால் அதைத் திறந்து, மோந்து, சீனி கரைத்திருக்கிறதா என்று நக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அதற்குள் வரிசை நகராது, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், வேலை வாங்குகிற மண்டோர் அரை நாள் கூலிதான், அரைப்பேர் போட்டுவிடுவேன் என்று மிரட்டுவான். அதனால் ஒவ்வொருத்தியாகப் போத்தலை விட்டாள். அதுகூடப் பரவாயில்லை, மரம் சீவுகிற காட்டுக்குள்ளே ஓடைத் தண்ணீர் இருந்தது. குடிக்காததற்கு உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது வெட்கப்பட என்ன இருக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை கண்டவர்கள் முன்னால் கட்டிலில் கிடக்கிறேன்.

நான் அங்கே போகிறதற்கு முன்னால் ஒரு நாள், அஞ்சலை தான் சீவுகிற மர நிரையை விட்டு ஒதுக்குப்புறமாக, லாலாங் புல் உயரமாக வளர்ந்திருந்த இடத்துக்கு, ஒன்றுக்குப் போயிருக்கிறாள். உட்கார்ந்துவிட்டாள். புல்லுக்குள்ளே இருந்து இரண்டு பட்டாளத்துக்காரர்கள் எழுந்தார்கள். தொப்பியெல்லாம் இலை. பதுங்கிக் கிடந்தவர்கள். சத்தம் கேட்டுக் கம்யூனிஸ்டு என்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டியிருக்கிறார்கள். அவள் சாரோங்கைக் கையில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே நிரைக்கு நிரை ஓடி வந்தாள். அவர்களில் ஒருத்தன், சின்ன வயது வெள்ளைக்காரன், பயம் தெளிந்ததும் சிரித்தானாம். அவன் சிரித்தது பெரிதில்லை. சாயங்காலம் லயத்தில் நம்மவர்களும் சிரித்தார்கள். குழாயடியில் சிரித்தார்கள், கோயில் வாசலில் சிரித்தார்கள். அவள் புருஷன் அவளோடு பேசவில்லை. அவள் மாமியார், "பொம்பளைன்னா தாங்கணும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்த வார்த்தைதான் எங்களை எல்லாம் தின்றது. அன்றையிலிருந்து பெண்கள் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, வெளியே போகும் முன்னால் தண்ணீரை நிறுத்தினார்கள். இரவில் ஊரடங்கு, கக்கூஸ் லயத்துக்கு அந்தக் கோடியில், வீட்டை விட்டு வெளியே காலை வைக்கக் கூடாது. அதனால் சாயங்காலமும் நிறுத்தினார்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை நாக்கு காய்ந்தே கிடக்கும், அத்தனை வெயிலில், அத்தனை வேர்வையில். நான் புதுப்பெண்ணாக முதல் நாள் மரம் சீவப் புறப்பட்டபோது அஞ்சலை என் கையில் மங்கைக் கொடுத்துச் சொன்னாள்: "தங்கச்சி, வாயக் கொப்புளிச்சுத் துப்பிடு. முழுங்கிடாத."

நானும் துப்பினேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இது என்ன மடத்தனம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதைவிடக் கேவலம், எங்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "எங்க பொண்ணு தாங்குறவ, விடியக்காலம் போனா பகல் வரைக்கும் ஒதுங்க மாட்டா" என்று சொல்லிக் கட்டிக் கொடுப்பார்கள். நன்றாகச் சமைப்பாள், பாடுவாள் என்று சொல்கிற மாதிரி. எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? மூத்திரத்தை அடக்குகிறவள் என்று சொல்லி மாப்பிள்ளை பிடித்த சனம் நாங்கள்.

அஞ்சலைக்குத்தான் முதலில் வந்தது. நீர்க்கடுப்பு அடிக்கடி வரும், குளிர்காய்ச்சல் அடிக்கும், ஈரத்துணியை அடிவயிற்றில் போட்டுக்கொண்டு படுப்பாள், மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஆம்பிளை. எந்தப் பெண் போய் அவரிடம் இந்த இடத்தில் எரிகிறது என்று சொல்வாள்? காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வெள்ளைத் தண்ணி மருந்தை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு வருஷமோ கூடவோ இப்படிப் போயிற்று. அப்புறம் கடுப்பு வரவில்லை, காய்ச்சல் வரவில்லை, "எல்லாம் நின்னுபோச்சு தங்கச்சி, நல்லாருக்கேன்" என்றாள். வலிக்கவில்லையே என்று நீ சொல்கிறாயே, அவளும் அதைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். கால் கொலுசு நகராமல் சதையில் பதிந்தது. கன்னம் பளபளவென்று ஆனது. பார்க்கிறவர்கள் சதை போட்டுவிட்டாள் என்றார்கள்.

அந்தக் காலத்தில் சதை போடுவது என்ன லேசான காரியமா? லயத்தில் எல்லோரும் வற்றிப் போய்க் கிடக்கிறோம், பிள்ளைகள் விலா எலும்பை எண்ணும்படி திரிகின்றன, இவள் மட்டும் எப்படி ஊதுகிறாள்? யாரோ வாய் வைத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், செத்தவளைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது. அஞ்சலை அரிசி பதுக்குகிறாள், தானும் தின்று காட்டுக்கும் அனுப்புகிறாள் என்று பேச்சுக் கிளம்பி, அது கேட் வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு சோதனைக்காரி மற்ற பெண்களை ஒரு தடவு தடவி விடுவாள், அஞ்சலையைத் தனியாக நிறுத்திவைத்து வயிற்றை அமுக்குவாள், சாரோங்கைத் தளர்த்தச் சொல்லுவாள், துணிக்குள்ளே அரிசி கட்டியிருக்கிறாளோ என்று. ஒரு நாள் வீட்டுக்குள் புகுந்து தலையணையைக் கிழித்தார்கள், அடுப்பைப் பெயர்த்தார்கள், மண் தரையைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். ஒரு படி அரிசிகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவள் உடம்பு முழுக்க வெளியேற முடியாத நீர், இவர்கள் அரிசி தேடுகிறார்கள். அவள் கிழிந்த தலையணைப் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

கடைசியில் அவள் பெரட்டில் மயங்கி விழுந்தபோதுதான் டிரெசர் அவளை ஒழுங்காகப் பார்த்தார். காலை நீட்டச் சொல்லி, பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் குழியாகவே நின்றது, எழும்பவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. இதைப் பார்த்துவிட்டா அரிசி அரிசி என்று கத்தினீர்கள் என்று மண்டோரைப் பார்த்துச் சத்தம் போட்டார். தோட்டத்து லோரியில் கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் இரண்டு இடத்தில் மறித்துச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, கிட்னி கெட்டுப்போய்விட்டது, செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். இன்றைக்கு என்னைப் படுக்கவைத்து இரத்தம் கழுவுகிற மிஷின் அன்றைக்கு இங்கே எங்கே இருந்தது? லயத்தில் செய்வினை என்றார்கள், பேறுகாலத்தில் பட்ட கெட்ட நீர் என்றார்கள், நாளுக்கு ஒரு பெயர். வியாதியின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

கடைசி நாட்களில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் வீங்குவாள் என்று அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சாயங்காலம் அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில் அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "இனிமே நான் காட்டுக்குப் போவப் போறதில்ல, தங்கச்சி. யாரு பாக்கப் போறா? இப்பயாச்சும் வயிறு நெறயக் குடிக்கிறேனே." நான் மங்கு நிறைய மொண்டு கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் போய்விட்டாள். நான் கொடுத்த தண்ணீரால்தான் போனாள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும். கொடுத்ததற்கு நான் ஒரு நாளும் வருந்தவில்லை. அதற்கு முந்தின வருஷங்களில் குடிக்காமல் போன தண்ணீருக்குத்தான் வருந்துகிறேன்.

வேலியைப் பிரித்தார்கள், கேட் போயிற்று, பட்டாளம் ஊருக்குப் போனது. பழக்கம் போனதா? போகவில்லை. நான் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் மரம் சீவினேன், வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டுத்தான் போனேன். பயமுறுத்த ஒருவரும் இல்லாத காட்டில், யாருக்காக அடக்கினேன் என்று எனக்கே தெரியாது. இப்போதைய டாக்டர், நல்ல பெண், சின்ன வயது, என்னிடம் பொறுமையாகச் சொல்கிறாள்: பாட்டி, உங்களுக்குக் கிட்னி போனது சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும், தண்ணீர் குடிக்காததும் அடிக்கடி வந்த கடுப்பும் சேர்ந்து கெடுத்திருக்கலாம், உங்கள் அக்காவுக்கு என்ன என்று இத்தனை வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது என்று. சரி, அவள் படித்தவள், அவள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த சர்க்கரையும் அழுத்தமும் எனக்கு இருப்பதே கால் வீங்கிய பிறகுதானே தெரிந்தது? ஒரு கிளினிக்கில் போய்க் கையை நீட்டிப் பட்டையைச் சுற்றிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு குப்பியில் மூத்திரத்தைக் கொடுக்க என்ன கேடு? எனக்கும் வலிக்கவில்லை, அதனால் போகவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். பேச்சுவாக்கில் தெரிந்தது, டாருராட் காலத்தில் கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக் கேட்டில் காவல் நின்றவராம். நான் சும்மா விடுவேனா, நீங்கள்தானே எங்கள் போத்தலை நக்கிப் பார்த்தது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, காவல் முடியும்வரை இடத்தை விட்டு அசையக் கூடாது என்று எங்களுக்கும் உத்தரவு அம்மா, நாங்களும் தண்ணீரைத் தொட மாட்டோம் என்றார். கேட்டுக்கு உள்ளே நின்றவருக்கும் வெளியே நின்றவருக்கும் இப்போது ஒரே அளவுக் கப். ஆமாம், எங்களுக்கு இப்போது தண்ணீர் அளந்துதான். மூத்திரம் போகாத உடம்பில் குடிக்கிறதெல்லாம் தேங்கி நெஞ்சை அடைக்கும். காலையில் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிவைத்துக்கொண்டு, நாள் முழுவதும் அதை மிச்சம் பிடித்துக் குடிக்கிறேன். வெயில் நேரத்தில் ஐஸ்கட்டியைச் சப்புகிறேன். தண்ணீர் இருந்தபோது குடிக்கவில்லை. இப்போது குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வாய் ஊறுகிறது, குடிக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு விடியக்காலையில் கிளம்பினால், ரொட்டி தின்ன இறங்குவதோடு சரி, மில்லில் வரிசையில் நிற்கும்வரை மறுபடி லோரியை விட்டு இறங்க மாட்டாய். இறங்கினால் நேரம் போகுமாம். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டாய். தூக்கம் வராமல் இருக்க டின்னில் அடைத்த சீனித் தண்ணீரைக் குடிப்பாய். உன்னை யார் துப்பாக்கி காட்டி மிரட்டுகிறார்கள்? எந்தப் புல்லுக்குள்ளே இருந்து யார் எழுந்து வருகிறார்கள்? வழிநெடுக பெட்ரோல் போடுகிற எண்ணெய்க்கடை இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, ஆம்பிளை வேறு. எங்களுக்காவது ஒரு காரணம் இருந்தது, தப்போ சரியோ. உனக்கு என்னடா காரணம்? வீம்பா? போன வாரம் உன் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கழுவப் போனால், காலையில் விஜயா நிரப்பின தண்ணீர் அப்படியே இருக்கிறது. ஏன்மா குடிக்கவில்லை என்றேன். "பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் நாறும் பாட்டி. குடிச்சா போவணும்லா" என்றாள். முள்வேலியைக் கண்ணால் பார்க்காத பிள்ளை, அஞ்சலை பேசினதையே பேசுகிறது. பள்ளிக்கூடத்துப் பெரியவர்களே, இதைப் படித்தால் அந்தக் கக்கூஸை முதலில் கழுவுங்கள், பரிசளிப்பு விழா அப்புறம் நடத்திக்கொள்ளலாம். சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் மேற்பார்வை பார்க்கிறவர்களே, பெண்பிள்ளைகள் எழுந்து போனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இதைத் தோட்டத்திலேயே செய்து பார்த்தாயிற்று. அதன் பலன் கோலா பிலாவில் வரிசையாகக் கட்டிலில் கிடக்கிறோம், வந்து பாருங்கள்.

இதைப் படித்தால் உன்மேல் எனக்கு ஆத்திரம் என்று நினைப்பாய். ஆத்திரம்தான். ஆனால் அதற்கு அடியில் இருப்பது பயம், சேகர். நீ எனக்கு உன் கிட்னியைத் தர வந்தவன். அந்த மனசு எனக்குப் போதும், நான் அதை வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். இப்போது நான் கேட்பது அது இல்லை. உன் உடம்பில் மிச்சம் இருப்பதை நீயே வைத்துக் காப்பாற்று. விஜயாவிடம் சொன்னால் அழுவாள் என்று மறைத்தாய், என்னிடம் சொன்னால் உடைந்து போவேன் என்று மறைத்தாய். உடைகிற ஆளா நான்? உன் டாக்டரைத் தேடிப் போய்ப் பார்த்த விஜயாவிடம் அவர் என்ன சொன்னார் தெரியுமா? இப்போதே மாத்திரை சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, அந்த வலி மாத்திரைகளை விட்டுவிட்டால், நீ இந்தக் கட்டிலுக்கு வராமலேயே வயதாகலாம் என்றாராம். அஞ்சலையிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நீ அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. லோரிப் பெட்டியில் கிடக்கிற மாத்திரையை எடுத்துக்கொண்டு வா. திங்கட்கிழமை லீவு சொல்லிவிடு, உன்னோடு சிரம்பானுக்கு நானும் வருகிறேன், டாக்டர் அறைக்குள்ளேயும் வருவேன், வெளியே உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். டாக்டரிடம் நாளுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று விஜயா கேட்டு வைத்திருக்கிறாள். உனக்கு அளவுக் கப் கிடையாதாம், தாராளமாகக் குடிக்கலாமாம். சாப்பாடு இருக்கும், உப்புக் குறைவாகத்தான் இருக்கும், முகத்தைச் சுளிக்காதே. சாப்பிட்டதும் தூங்கிவிடாதே. படையலுக்கு வைக்கிற அந்த மங்கைக் கழுவி வைத்திருக்கிறேன். உன் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, என் முன்னால், மாத்திரையைப் போட்டு, மங்கு நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் குடி. என்னால் குடிக்க முடியாது. நீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா